ஆவடி டாங்கியும் அறுகோணக் களமும்

ஆவடியிலும் அதைச் சூழ்ந்த பட்டாபிராம், திருமுல்லைவாயில், அம்பத்தூர் முதலிய ஊர்களிலும் வாழ்கின்றவர்களுக்கு டாங்கி என்பது செய்தித்தாளில் மட்டும் காணும் பொருளன்று. கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965-இல் விஜயந்தா உருவான காலந்தொட்டு, அஜேயா, பீஷ்மா, அர்ஜுன் என்று தலைமுறை தலைமுறையாக அந்த இரும்பு ஊர்திகளைப் பூட்டியும் பிரித்தும் சோதித்தும் ஜீவனம் நடத்திய குடும்பங்கள் இங்கே அநேகம். ஆயினும், வாயிலைக் கடந்து ரயிலேறிச் சென்ற அந்த ஊர்தி போர்க்களத்தில் எந்த மேட்டின் பின்னால் நிற்கிறது, எவ்வளவு தூரத்தில் எதிரியைக் காண்கிறது, எந்தக் கணத்தில் சுடுகிறது என்னும் விஷயங்கள் அதை ஆக்கியவர்களுக்கே பெரும்பாலும் எட்டாதவை. அக்குறையை ஓரளவு நிவர்த்தி செய்யவல்ல ஒரு கணினி விளையாட்டை நெடுநாளாக ஆடி வருகிறேன். அதன் குணதோஷங்களை, முக்கியமாக அதன் பேட்ச்சுகளைக் கையாளும் முறையையும் அதில் நண்பர்களோடு பரிமாறிக்கொண்ட போர் யுக்திகளையும், இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

விளையாட்டின் பெயர் ‘வின் எஸ்.பி.எம்.பி.டி.’, விரித்துச் சொன்னால் ‘ஸ்டீல் பாந்தர்ஸ்: மெயின் பேட்டில் டாங்க்’. போர் விளையாட்டுகளை அமைப்பதில் கீர்த்தி பெற்ற கேரி கிரிக்ஸ்பி வகுத்து, அமெரிக்காவின் எஸ்.எஸ்.ஐ. கம்பெனி 1995-இல் வெளியிட்ட ‘ஸ்டீல் பாந்தர்ஸ்’ இதற்கு மூலம். நவீன காலப் போர்களுக்கான இரண்டாம் பாகம் மறு ஆண்டே வந்தது. பிற்காலத்தில் அவ்விளையாட்டின்மீது பற்றுக்கொண்ட சிலர் ‘காமோ வொர்க்‌ஷாப்’ என்ற பெயரில் கூடி, பழைய டாஸ் காலத்து அமைப்பை விண்டோஸுக்கு இசைய மாற்றி, 1946 முதல் நம் காலம் வரையிலான பற்பல தேசத்துச் சேனைகளை அதற்குள் புகுத்தி, ஷ்ராப்னல் கேம்ஸ் வாயிலாக வழங்கி வருகின்றனர். இலவசமாக இறக்கிக்கொள்ளும் பதிப்பும் உண்டு. விலை கொடுத்து வாங்கினால் திரை அகலமும் வேறு சில சௌகரியங்களும் கூடுகின்றன.

கண்ணுக்கு விருந்தளிக்கும் விளையாட்டு இது அன்று. மேலிருந்து பார்க்கும் நிலப்படம், 50 மீட்டருக்கு ஓர் அறுகோணக் கட்டம், அக்கட்டங்களில் நகரும் சிறு சிறு உருவங்கள், இவ்வளவே. நான் என் முறையை முடித்த பிறகு எதிரி தன் முறையைத் தொடங்குவான்; ஆனால் அவன் நகரும்போது, என் முறையில் சுடாமல் மீதம் வைத்த குண்டுகளைக் கொண்டு என் வீரர்கள் தாமாகவே அவனைச் சுடுவார்கள். இந்த ஒரு விதிதான் சதுரங்கத்தின் கணக்கைப் போர்க்களத்தின் அச்சமாக மாற்றுகிறது. சுடப்பட்டவர்கள் சாவதோடு விஷயம் முடிவதில்லை. உயிர் தப்பியவர்கள் திகைக்கிறார்கள், பதுங்குகிறார்கள், சில சமயம் புறங்காட்டி ஓடுகிறார்கள். தலைவன் அவர்களைத் தேற்றி மீண்டும் நிறுத்த வேண்டும். ஆயுதத்தின் வலிமையைக் காட்டிலும் மனிதனின் மனோபலத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்த கணினி விளையாட்டு வேறொன்றை நான் கண்டதில்லை.

இனி, நிறுவும் காரியம். புதியவர்களில் பலர் இங்கேதான் சோர்ந்துபோகிறார்கள். விண்டோஸின் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள் இவ்விளையாட்டை வைத்தல் ஆகாது. அங்கே பிற கோப்புகளை எழுதவிடாத பாதுகாப்பு ஏற்பாடு இருப்பதால், சேமித்த ஆட்டம் காணாமற்போவதும், போட்ட பேட்ச் போடாததுபோல் தோன்றுவதும் நிகழும். ‘சி’ டிரைவிலோ ‘டி’ டிரைவிலோ தனியாக ஒரு ஃபோல்டர் அமைத்து அதில் நிறுவுவதே உசிதம். பேட்ச்சுகள் பல ஆண்டுகளாக ஏறக்குறைய ஆண்டுக்கொன்றாக வந்தவை. ஒவ்வொன்றும் அதற்கு முந்தியதன் மேல் அமர்வதாகையால், எண் வரிசைப்படி ஒன்றையும் விடாமல் போட வேண்டும். இடையில் ஒன்றைத் தாண்டிவிட்டு, டாங்கிப் படம் தெரியவில்லை, ஆட்டம் பாதியில் நின்றுவிட்டது என்று வருந்துகிறவர்களுக்கு ஒரே பரிகாரம், சேமித்த ஆட்டங்களை வேறிடத்தில் பிரதி எடுத்துவைத்துவிட்டுப் புதிய ஃபோல்டரில் முதலிலிருந்து நிறுவுவதுதான். முழுத்திரையில் வண்ணம் குழம்பினாலோ திரை கறுத்துப்போனாலோ, விளையாட்டோடு வரும் அமைப்புப் பலகையில் சாளர முறையைத் தேர்ந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வைரஸ் தடுப்பு மென்பொருள் பழைய நிரலைக் கண்டு ஐயுற்றுத் தடுப்பதும் உண்டு. அதிகாரபூர்வமான இடத்திலிருந்து இறக்கியது என்று உறுதி செய்துகொண்ட பின்னர் அந்த ஃபோல்டருக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம்.

பேட்ச் என்றால் பிழை நீக்கும் ஒட்டு என்று மட்டுமே எண்ணுகிறோம். இவ்விளையாட்டில் அதற்கு அதனினும் உயர்ந்த ஸ்தானம் உண்டு. ஒவ்வொரு தேசத்துப் படைக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் ஒவ்வொரு ஊர்தியும் எந்த மாதம் எந்த ஆண்டில் சேவைக்கு வந்தது, முன்புறக் கவசம் எவ்வளவு, பக்கவாட்டிலும் பின்புறத்திலும் எவ்வளவு, துளைக்கும் குண்டுக்கு எதிராக ஒரு மதிப்பு, வெடிவிசையைக் குவித்துத் தாக்கும் குண்டுக்கு எதிராக வேறொரு மதிப்பு, தூரம் அளக்கும் கருவியின் திறம், இரவில் காணும் எல்லை ஆகிய யாவும் எண்களாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. புதிய தகவல் கிடைக்குந்தோறும் அவ்வெண்களைத் திருத்தி அடுத்த பேட்ச்சில் வெளியிடுகிறார்கள். இந்தியச் சேனையின் பட்டியலில் விஜயந்தாவையும் அர்ஜுனையும் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லத் தேவையில்லை. அதைவிட, 1971-ஆம் ஆண்டுப் போரை நான் அமைத்தால் அர்ஜுன் எனக்குக் கிடைக்காது என்ற நேர்மையை மெச்சினேன். 1974-இல் அனுமதி பெற்று, 2004-இல்தான் ரெஜிமென்ட்டுக்குப் போய்ச் சேர்ந்த அந்த டாங்கிக்காக, விளையாட்டிலும் ஒருவன் ஆண்டுகளைக் கடந்தே ஆக வேண்டும். உறங்கும் வேளையில் தாமே புதுப்பித்துக்கொள்ளும் இக்காலத்துப் பெரிய விளையாட்டுகளில் என்ன மாறிற்று என்பதைக் கவனிக்கிறவர் அரிது. இங்கேயோ, மாற்றங்களின் அட்டவணையைப் படிப்பதே ஒரு கல்வி.

இத்தகைய எண்களின் பொருளை எனக்கு விளங்கவைத்தவர், தொழிற்சாலையில் பணிபுரிந்து ஓய்வுபெற்றுப் பட்டாபிராமில் வசிக்கும் ஒரு பெரியவர். விஜயந்தாவைக் கொண்டு இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் நின்ற எதிரியைச் சுட முனைந்தபோது, அருகில் அமர்ந்திருந்த அவர், “அவ்ளோ தூரம் வேணாம் தம்பி, அளவு பாக்குற மெஷின்கன்னே அதுவரைக்கும் போவாது” என்றார். விக்கர்ஸ் கம்பெனியின் வரைபடத்தில் பிறந்த அந்த டாங்கியில், 105 மில்லிமீட்டர் பீரங்கிக்குத் துணையாக 12.7 மில்லிமீட்டர் இயந்திரத் துப்பாக்கி ஒன்று இருந்தது. முதலில் அதைச் சுட்டு, தோட்டா எங்கே விழுகிறதென்று கண்டு, பிறகு பீரங்கியைக் குறிவைப்பது அக்காலத்து முறை. 1,800 மீட்டர் அளவில், அதாவது விளையாட்டின் கணக்கில் 36 கட்டங்களில், அதன் எல்லை முடிந்துவிடும். அதற்கு மேல் சுட்டால் திரையில் தோன்றும் வெற்றி விகிதம் ஏன் அவ்வளவு தாழ்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெளிவாயிற்று. அந்தப் பெரியவருக்கோ, தாம் பொருத்திய கருவியின் பயன் களத்தில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கண்ணால் காணும் வாய்ப்புக் கிடைத்தது.

யுக்திகளைப் பயில்வதற்கு நாங்கள் தேர்ந்த களம், பஞ்சாபில் கேம்கரன் அருகே உள்ள அசல் உத்தர். 1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை, பாகிஸ்தானின் முதலாம் கவச டிவிஷன் பாட்டன் டாங்கிகளுடன் அங்கே முன்னேறியபோது, நமது நான்காம் மலை டிவிஷனும், பிரிகேடியர் டி.கே. தியோகராஜின் தலைமையில் இருந்த இரண்டாம் தனிக் கவசப் பிரிகேடும் குதிரை லாட வடிவில் காத்திருந்து, கரும்பு வயல்களின் மறைவையும் வெள்ளம் பாய்ந்த சேற்றையும் துணைக்கொண்டு அதை முறியடித்தன. விஜயந்தா அப்போது சேனையில் சேரவில்லை. சென்சுரியன், ஷெர்மன், ஏ.எம்.எக்ஸ்.-13 ஆகியவற்றோடும், ஜீப்பில் ஏற்றிய பின்னுதைப்பற்ற பீரங்கிகளோடும் நடந்த போர் அது. அத்தகைய ஜீப்பிலிருந்து எதிரி டாங்கிகளை அழித்து உயிர் துறந்த ஹவில்தார் அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்கரம் அளிக்கப்பட்டது. களம் அமைக்கும் கருவி விளையாட்டிலேயே இருப்பதால், அந்த வயல்களையும் வாய்க்கால்களையும் நாமே வரைந்துகொள்ளலாம்.

அங்கே நான் கற்ற முதற்பாடம், சுடாமல் இருப்பது. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் இவ்வளவு தூரத்துக்குள் வந்தால்தான் தானாகச் சுடலாம் என்று எல்லை வகுக்க விளையாட்டு இடமளிக்கிறது. அதைக் கவனியாது விட்டால், கரும்புக்குள் மறைந்திருக்கும் டாங்கிகள் எதிரியின் முதல் ஊர்தியைத் தொலைவில் கண்டதுமே சுட்டுத் தம் இருப்பிடத்தை வெளிப்படுத்திவிடும். பின்னர் பீரங்கிப்படையின் குண்டுமாரி அவ்விடத்தைத் தேடி வரும். எல்லையைப் பத்துப் பன்னிரண்டு கட்டங்களாகச் சுருக்கி, லாடத்தின் இரு கைகளிலும் இவ்விதம் அடக்கி வைத்து, எதிரியின் முன்னணி உள்ளே நுழைந்து அதன் பக்கவாட்டுக் கவசம் நமக்கு நேராகத் திரும்பும் தருணத்தில் சூடு தொடங்குமாறு செய்தால், பாட்டனின் கனத்த முகப்பு பயனற்றுப் போகிறது. சேற்று நிலத்தில் ஊர்திகள் சிக்கிக்கொள்வதும் விதிகளில் உண்டாதலால், 1965-இல் நிகழ்ந்தது ஏன் நிகழ்ந்தது என்பதைப் பக்கம் பக்கமாகப் படித்ததைக் காட்டிலும் நன்கு உணர முடிகிறது.

அதே களத்தில் சென்சுரியனுக்குப் பதிலாக விஜயந்தாவை நிறுத்திப் பார்க்கும்படி அம்பத்தூர் நண்பர் ஒருவர் யோசனை கூறினார். 50 டன்னுக்கு மேற்பட்ட சென்சுரியனுக்கு எதிரே விஜயந்தா 39 டன் அளவே உள்ள இலேசான ஊர்தி. அந்த வித்தியாசம் பெரும்பாலும் கவசத்தில் குறைந்தது. ஆகவே நின்ற இடத்தில் நின்று அடிபட்டுப் பதிலடி கொடுக்கும் முறை அதற்கு ஒவ்வாது. மேட்டின் பின்சரிவில் வைத்து, உச்சியைத் தாண்டி வருகிற எதிரியைச் சுட்டவுடன் இரண்டு கட்டம் விலகி மறைந்துகொள்வதே அதற்கேற்ற நடை. இவ்வாறு நாங்கள் கண்டவற்றில் மற்றொன்று, புகைத்திரையின் மதிப்பு காலத்தோடு மாறுவது. எழுபதுகளின் களத்தில் புகை ஒரு கோட்டைச் சுவர். வெப்பத்தைக் காணும் கண்ணாடி பொருத்திய பிற்காலத்து டாங்கிகளுக்கு முன்னால் அது ஒரு மறைவே அன்று.

கணினியை எதிரியாக வைத்து ஆடுவோருக்கு இந்த ருசி முழுமையாகக் கிட்டாது. கணினி நேர்வழியில் வெற்றிக் கட்டங்களை நோக்கி வந்துகொண்டே இருக்கும். அதன் போக்கு விரைவில் பழகிவிடுகிறது. மனித எதிரியோடு மின்னஞ்சல் வழி ஆடுவதே இதன் சிகரம். நம் முறை முடிந்ததும் கோப்பைச் சுருக்கி அனுப்புகிறோம். அவர் தமது ரகசியச் சொல்லைக் கொடுத்துத் திறந்து, நாம் செய்தவற்றில் அவருடைய வீரர்களுக்குத் தெரிந்ததை மட்டும் கண்டு, தம் முறையை ஆடி அனுப்புகிறார். பூந்தமல்லியில் உள்ள ஒருவரோடு தொடங்கிய ஒரு போர் மழைக்காலம் முழுவதும் நீண்டது. இருவரும் வேலைக்குச் செல்கிறவர்களாதலின் அந்த நிதானம் எங்களுக்குச் சௌகரியமாகவே இருந்தது. இதில் மீறலாகாத நியமம் ஒன்றுண்டு. இருவரிடமும் ஒரே பேட்ச் இருத்தல் வேண்டும். படைப்பட்டியலைத் தம் விருப்பப்படி எவரும் திருத்தியிருத்தல் ஆகாது. ஆயுதங்கள் எண்களால் குறிக்கப்படுவதால், பட்டியல் வேறுபட்டால் பீரங்கி இருக்கவேண்டிய இடத்தில் வேறோர் ஆயுதம் வந்து அமரும். நடக்கிற போரை முடித்துக்கொண்டு, பிறகு இருவரும் ஒரே நாளில் புதிய பேட்ச்சைப் போடுவதே நாங்கள் கைக்கொண்ட வழக்கம்.

குறைகளையும் மறைப்பதற்கில்லை. இலவசப் பதிப்பின் குறுகிய திரை இன்றைய மடிக்கணினிகளில் கண்ணை வருத்துகிறது. பொத்தான்களின் கூட்டம் புதியவரை மிரட்டும். கையேடு விரிவானதாயினும் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளது. கைப்பேசியில் ஆட இயலாது. எரிபொருள் தீர்வதும், இன்ஜின் பழுதாகிப் பின்னணிப் பட்டறைக்குப் போவதுமான, ஆவடி மக்கள் மிக நன்றாக அறிந்த அந்தப் பெரும் பகுதி இதில் இடம்பெறவில்லை. ஒரு டாங்கி களத்தை அடைவதற்குள் எத்தனை கைகளின் உழைப்பு செலவாகிறது என்பதை இவ்விளையாட்டைக் கொண்டு அறிய முடியாது; இதை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன்.

இருப்பினும், பொறுமையும் சரித்திரத்தில் பிரீதியும் உள்ளவர்கள் தயக்கமின்றி இதை எடுத்துக்கொள்ளலாம் என்பதே என் அபிப்பிராயம். முதலில் இலவசப் பதிப்பைத் தனி ஃபோல்டரில் நிறுவி, பேட்ச்சுகளை வரிசையாகப் போட்டு, பத்துப் பன்னிரண்டு ஊர்திகளுக்கு மேற்படாத சிறிய களத்தில் பழகுங்கள். பிடித்திருந்தால் விலை கொடுத்து வாங்குங்கள். பல ஆண்டுகளாகத் திருத்தி வருகிறவர்களின் பிரயாசைக்கு அது தகுந்த மரியாதை. எதிராளிக்காக வெளிநாட்டில் தேட வேண்டாம். ஆவடியிலோ அம்பத்தூரிலோ டாங்கியைத் தொட்டு வேலை செய்த ஒருவர் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும், அவரை அழைத்து அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்.