அட்டவணை வாசிப்பும் பதிப்புப் பொறுப்பும்: பாண்டாஸ் நூலகத்தின் ஒரு கட்டளை

இணையப் பக்கத்திலுள்ள அட்டவணையை ஆய்வுத் தரவாக மாற்றுவதற்குப் பைத்தான் நிரல்மொழியில் பலரும் நாடுவது பாண்டாஸ் நூலகத்தின் ‘ரீட் ஹெச்.டி.எம்.எல்.’ கட்டளையாகும். 2013-இல் வெளிவந்த 0.12 பதிப்பில் இது இடம்பெற்றது. முகவரியைக் கொடுத்தால் பக்கத்திலுள்ள அட்டவணைகள் அனைத்தும் ஒரே வரியில் கைக்கு வருகின்றன. இல்லையேல் ஒவ்வொரு கட்டத்தையும் தேடிப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும் என்பதை நோக்க, இவ்வெளிமை சிறிதன்று. ஆயினும் இக்கட்டளை படியெடுப்பதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு கட்டமும் எண்ணா, எழுத்தா, வெற்றிடமா என்று தானே தீர்மானித்துத் தருகிறது.

நாடுகளின் ஈரெழுத்துக் குறியீட்டுப் பட்டியல் இதற்குத் தக்க சான்று. நமீபியாவின் குறியீடு உரோமன் எழுத்தில் ‘என்.ஏ.’. இதே எழுத்துகளைத் ‘தரவு இல்லை’ என்று கொள்வது பாண்டாஸின் இயல்பமைப்பு. எனவே நமீபியாவின் கட்டம் வெற்றிடமாகிறது. வெற்றிடமுள்ள வரிசைகளை நீக்குவது பலருக்கும் வழக்கமான அடுத்த படியாதலால், ஒரு நாடே ஆய்விலிருந்து மறைகிறது. பிழைச்செய்தி எதுவும் தோன்றுவதில்லை. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. ஆயினும் அவற்றின் எண்கள் பிற பாடல்களுக்கு வழங்கப்படவில்லை. ஏட்டில் இல்லாததும் வாசிப்பவர் தவறவிட்டதும் ஒன்றல்ல என்பது சுவடிப் பதிப்பின் பாலபாடம். இங்கோ இரண்டும் ஒரே குறியைப் பெறுகின்றன.

இதனினும் நுட்பமானது இணைந்த கட்டங்களின் சிக்கல். மூன்று ஊர்களுக்குப் பொதுவாக ஒரே கட்டத்தில் 120 என்று தரப்பட்டிருப்பதாகக் கொள்வோம். 2019-இல் வந்த 0.24 பதிப்பு முதல் அவ்வெண் மூன்று வரிசைகளிலும் படியெடுக்கப்படுகிறது, கூட்டினால் 360. மாவட்டப் பெயர் போன்றவற்றுக்கு இம்முறை பொருத்தமே, அளவைகளுக்குப் பொருந்தாது. விடுபட்டதை வரிசை எண்ணிக்கையேனும் காட்டிக்கொடுக்கும். பெருகியதோ தரவு நிறைந்திருப்பதான தோற்றத்தைத் தருகிறது.

குறை முழுவதையும் கருவியின்மேல் ஏற்றுவது முறையன்று. வெற்றிடக் குறிகளைப் பயன்படுத்துவோரே வரையறுக்கவும், 01 என்பது 1 ஆகச் சுருங்காமல் எழுத்தாகவே காக்கவும் இக்கட்டளையில் வழியுண்டு. கையேடும் அதனைக் கூறுகிறது. ஆனால் ‘தரவு இணையத்திலிருந்து பெறப்பட்டது’ என்னும் ஒற்றைத் தொடரோடு ஆய்வுரை நின்றுவிடுமாயின், எந்நாளில், எப்பதிப்பால், எவ்வமைப்பில் பெறப்பட்டது என்பதை அறிய வழியில்லை. இணையப் பக்கமும் மாறிக்கொண்டே இருப்பது. பெற்ற நாளின் மூலப்படியும் நிரலும் சேமிக்கப்படாத அட்டவணையைப் பிறரொருவர் சரிபார்க்க இயலாது. சுவடி விவரமும் பாடவேறுபாடும் தராத பதிப்பை ஏற்க மறுக்கும் மதிப்பீட்டாளர், இத்தகைய அட்டவணையை மட்டும் வினாவின்றி ஏற்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.