படத்துக்குப் பெயரும் விளக்கமும்: மூன்று மார்க்அப்கள், ஒரு டேனரிக் கையேடு

தோலின் தடித்த பகுதியில் ஒரு சிறு வெட்டு. வெட்டிய முகத்தில் பினாப்தலின் இரண்டு சொட்டு. இளஞ்சிவப்பாக மாறினால் உள்ளே சுண்ணாம்பு இன்னும் இருக்கிறது. நிறம் மாறாவிட்டால் போய்விட்டது. அடுத்து, தோலுக்கு அமிலம் ஏற்றும் பிக்கிள் கட்டத்தில் அதே மாதிரி வெட்டு, ஆனால் சொட்டுவது புரோமோகிரிசால் கிரீன். முகம் முழுக்க மஞ்சளானால் அமிலம் நடுவரை இறங்கிவிட்டது. நடுவில் நீலப்பச்சைக் கோடு நின்றால் தோல் கிடக்கும் டிரம் இன்னும் சுற்ற வேண்டும்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து டேனரிகளில் (தோல் பதனிடும் ஆலைகளில்) அனுபவசாலிகளுக்கு இதெல்லாம் கைப்பழக்கம். புதிதாகச் சேர்ந்தவருக்கோ கையேட்டில் உள்ள படம்தான் துணை. வெறும் படம் இங்கே ஆபத்தானது. இளஞ்சிவப்பு நல்லதா கெட்டதா என்று படம் தானாகச் சொல்லாது. எந்தச் சோதனை என்று சொல்லத் தலைப்பு வேண்டும்; எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல விளக்கம் வேண்டும். இந்த இரண்டையும் எது ஒழுங்காகத் தருகிறது என்று பார்க்க, இப்படிப்பட்ட படங்கள் கொண்ட மாதிரிக் கையேடு ஒன்றை மனத்தில் வைத்து மார்க்டவுன், ஆஸ்கிடாக், ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் ஆகிய மூன்று மார்க்அப்களும் (உரைக்குள் குறியிட்டு ஆவணத்தை வடிவமைக்கும் முறைகள்) இங்கே எடைபோடப்படுகின்றன.

ஜான் குரூபர் 2004-ல் வெளியிட்ட மார்க்டவுன் கற்க மிக எளிது. ஆனால் மூல மார்க்டவுனில் படவிளக்கத்துக்கென்று தனி எழுத்துமுறையே கிடையாது. மேற்கோள் குறிக்குள் தரும் தலைப்பு, மவுஸைப் படத்தின் மேல் வைத்தால்தான் தெரியும். அச்சிட்டு டிரம் பக்கத்துச் சுவரில் ஒட்டினால் அதுவும் போச்சு. பாண்டாக் என்ற மாற்றி, தனிப் பத்தியாக நிற்கும் படத்தின் மாற்று உரையையே (படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் உரை) விளக்கமாக்கித் தருகிறது. படவரிசை எண் வேண்டுமென்றால் அதற்கும் மேலே வேறு ஏற்பாடு தேட வேண்டியிருக்கும்.

ஸ்டூவர்ட் ராக்கம் 2002-ல் உருவாக்கிய ஆஸ்கிடாக்கில் வேலை சுலபம். படத்தைச் சேர்க்கும் வரிக்கு மேல்வரியில் ஒரு புள்ளி வைத்து, இடம் விடாமல் தலைப்பை எழுதினால் போதும்:

.பிக்கிள் வெட்டு: புரோமோகிரிசால் கிரீன் சோதனை

ஆஸ்கிடாக்டர் மென்பொருள் இதை இணையப் பக்கமாக மாற்றும்போது புள்ளி மறைந்து, படத்துக்குக் கீழே எண்ணோடு தலைப்பு வந்துவிடும். எண்ணுக்கு முன் ‘ஃபிகர்’ என்று ஆங்கிலத்தில் வருவது பிடிக்காவிட்டால், ஆவணத்தின் தொடக்கத்தில் ஃபிகர்-கேப்ஷன் என்ற பண்புக்கு ‘படம்’ என்று கொடுத்துவிடலாம். நடுவில் புதுப் படம் ஒன்று நுழைந்தால் பின்னால் உள்ள எண்கள் தாமே நகர்கின்றன. படத்துக்கு ஓர் அடையாளப் பெயர் வைத்து அதைச் சுட்டினால் ‘படம் 4’ என்ற குறிப்பும் கூடவே மாறும். இதற்கு எக்ஸ்ரெஃப்ஸ்டைல் பண்பை ‘ஷார்ட்’ என்று வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எண் வராது, தலைப்பு மட்டும் வரும்.

குறைகள் இரண்டு. தலைப்புக்கு இடம் உண்டு, நீண்ட விளக்கத்துக்குத் தனி இடம் இல்லை; படத்துக்குக் கீழே சாதாரணப் பத்தியாகத்தான் எழுத வேண்டும். இரண்டாவது குறை தமிழருக்குப் பெரிது. ஆஸ்கிடாக்டர் பிடிஎஃப் கருவி அடியில் பயன்படுத்தும் பிரான் நிரலகம் இந்திய எழுத்துகளைக் கோத்து வடிவமைப்பதில்லை. தமிழ் எழுத்துரு சேர்த்தாலும் ‘கொ’, ‘கெ’ போன்றவற்றில் கொம்பு இடம் மாறி நிற்கும். ஹெச்டிஎம்எல்லாக மாற்றி, பிரவுசரிலிருந்து பிடிஎஃப் எடுப்பதே வழி.

ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் மேலே சொன்ன முதல் குறையைத் தீர்க்கிறது. அதன் ‘ஃபிகர்’ கட்டளைக்குக் கீழே உள்தள்ளி எழுதும் முதல் பத்தி தலைப்பாகும். அதற்குப் பின் வருவதெல்லாம் விளக்கமாகப் படத்தோடு ஒட்டி நிற்கும். ‘நடுவில் நீலப்பச்சைக் கோடு தெரிந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்’ என்று எழுத வேண்டிய இடம் அதுதான். இதைக் கொண்டு ஆவணம் தயாரிக்கும் ஸ்பிங்ஸ் மென்பொருளின் இணையப் பக்கங்களில் படவரிசை எண் இயல்பாக வராது. அமைப்புக் கோப்பில் நம்ஃபிக் என்பதை இயக்க வேண்டும், ‘படம்’ என்ற சொல்லையும் அங்கேயே தரலாம். உள்தள்ளல் தவறினால் விளக்கம் படத்தைவிட்டு வெளியே விழுந்துவிடும் என்பதால் எழுதுபவருக்குக் கொஞ்சம் பயிற்சி தேவை.

எதைத் தேர்ந்தாலும் மாற்று உரையைத் தனியாக எழுதுங்கள். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் வாசிப்பது அதைத்தான். விட்டுவிட்டால் ஆஸ்கிடாக்டர் கோப்பின் பெயரையே மாற்று உரையாக வைத்துவிடும். கோப்புப் பெயரில் கேமரா கொடுத்த எண்களைக் கேட்டு யாருக்கும் எதுவும் புரியாது.

 

தீர்ப்பு: பத்துப் பக்கத்துக்குள் அடங்கும் செய்முறைத் தாளுக்கு ஆஸ்கிடாக். சோதனைப் படங்கள் நிறைந்த முழுக் கையேட்டுக்கு ஸ்பிங்ஸ். தனி மார்க்டவுன் இந்த வேலைக்குப் போதாது.