அளவெடுத்த முகப்புகள்: ஹாரி வில்சனின் பர்ட்டன் கடைக் கட்டடங்கள்

முன்னுரை

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பிரித்தானியக் கடைவீதிகளின் தோற்றத்தை மாற்றியமைத்த நிறுவனங்களுள் மாண்டேகு பர்ட்டன் ஆடவர் தையல் நிறுவனம் குறிப்பிடத்தக்கது. லித்துவேனியாவிலிருந்து குடியேறிய யூதரான பர்ட்டன் தொடங்கிய இந்நிறுவனத்திற்கு 1939இல் ஏறத்தாழ 600 கடைகள் இருந்தன. 1920களின் தொடக்கம் முதல் அவற்றுள் பலவற்றை வடிவமைத்தவர் லீட்ஸ் நகரக் கட்டடக் கலைஞர் ஹாரி வில்சன். ஒரே அச்சில் வார்த்த விளம்பரங்கள் என இக்கட்டடங்களை ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின், அவற்றின் ஆக்கமுறை அந்நிறுவனத்தின் தையல்முறையோடு நெருங்கிய ஒப்புமை உடையது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தையலும் கட்டடமும்

பர்ட்டன் கடையில் வாடிக்கையாளரின் அளவு எடுக்கப்படும்; ஆடை லீட்ஸில் தைக்கப்படும். அங்குள்ள ஹட்சன் சாலைத் தொழிற்சாலையில் 10,000க்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். வெட்டும் முறை பொதுவானது. அளவு மட்டுமே தனியாருக்குரியது.

வில்சனின் முறையும் இத்தகையதே. கீழ்த்தளத்தில் மெருகேற்றிய கருங்கல்லும் அகன்ற காட்சிச் சாளரங்களும்; மேல்தளங்களில் வெண்ணிறச் சுடுமண் பலகைகள் அல்லது கல்; அவற்றின்மேல் விசிறி வடிவங்கள், சில கிளைகளில் யானைத்தலைகள். இவை மீண்டும் மீண்டும் வரும் உறுப்புகள். மனையின் அகலம், தெருமுனையின் கோணம், தளங்களின் எண்ணிக்கை ஆகியவற்றிற்கேற்ப அவை இணைக்கப்பட்டன. தைப்பு வேறிடத்தில் நிகழ்ந்ததால் கடைக்குப் பெரிய இடம் தேவைப்படவில்லை; மேல்தளங்கள் பல ஊர்களில் பில்லியர்ட்ஸ் கூடங்களாயின. தெருமுனை மனைகள் இரு வீதியினரையும் சாளரங்களின்பால் ஈர்த்தன.

யாருடைய படைப்பு?

பர்ட்டன் குடும்பத்தினரின் பெயர்கள் அடிக்கற்களில் பொறிக்கப்பட்டன. வாயில் தரையில் நிறுவனப் பெயர் பதிக்கப்பட்டது. ஆடை தைத்தோருக்கு அம்முகப்பில் இடமில்லை. 1930களின் பிற்பகுதியில் வில்சனின் பொறுப்பு நதானியேல் மார்ட்டினிடம் சென்ற பின்னரும் நிறுவனப் பாணி தொடர்ந்தது. எனவே, இவற்றைத் தனியொரு கலைஞரின் படைப்பாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. பர்ட்டனின் வணிகத் திறனாக மட்டும் கொள்ளின், ஒவ்வொரு மனைக்கும் அவ்வுறுப்புகளைப் பொருத்திய வில்சனின் உழைப்பு மறைந்துவிடும்.

முடிவுரை

இக்கட்டடங்களுள் சில இன்று மரபுச் சின்னங்களாகப் பாதுகாக்கப்படுகின்றன. எனினும், பலவற்றில் கீழ்த்தள முகப்பு மாற்றப்பட்டு மேல்தளங்களே எஞ்சியுள்ளன. சாளரமும் வாயிலும் அளவெடுத்த கூடமும் நீங்கிய நிலையில், மிஞ்சிய யானைத்தலை வெறும் அணியாகவே தோன்றும். ‘வெற்று அலங்காரம்’ என்னும் குற்றச்சாட்டு பெரிதும் இவ்விழப்பின் விளைவாகும். எஞ்சிய பாதியைக் கொண்டு முழுமையை மதிப்பிடாமல், கடையையும் தொழிற்சாலையையும் இணைத்துக் காண்பதே இக்கட்டடங்களுக்குரிய திறனாய்வு நெறியாகும்.