காசில்லாத பேட்மேன்

பேட்மேனிடமிருந்து பணத்தைப் பிடுங்கிவிட்டால் என்ன மிஞ்சும்? 2024 அக்டோபரில் டிசி காமிக்ஸ் தொடங்கிய ‘அப்சல்யூட் பேட்மேன்’ தொடர் தரும் பதில்: ஏறக்குறைய எல்லாமே. ஸ்காட் ஸ்னைடர் எழுதும் இந்த புரூஸ் வெய்னுக்கு மாளிகையும் கிடையாது, பரம்பரைச் சொத்தும் கிடையாது. அப்பா பள்ளி ஆசிரியர், துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர். அம்மா மார்த்தா உயிரோடு இருக்கிறார். ஆல்ஃபிரட்கூட வீட்டுப் பணியாளர் அல்ல, வேவு பார்க்க வந்த உளவாளி. வாங்க வக்கில்லாததை இவன் தானே செய்துகொள்கிறான். முதல் இதழிலேயே மார்பிலிருக்கும் வௌவால் சின்னம் கழன்று கோடரியாகிறது! நிக் டிராகோட்டா அவனை மலைபோல வரைந்திருப்பதும் வெறும் மிரட்டல் இல்லை. சொகுசுக் கருவி இல்லாதவனுக்கு உடம்புதானே மூலதனம்.

முதல் இதழ் என்று அட்டையில் ‘1’ போட்டால் விற்கும், அதற்கான தந்திரம் இது என்பார்கள். தந்திரம்தான், யார் மறுத்தது? மாற்றம் அட்டையோடு நின்றுவிடுகிறதா என்பதே கேள்வி. அதே ஆண்டு மார்வெலில் ஜோனதன் ஹிக்மன் தொடங்கிய ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’, பீட்டர் பார்க்கரை மேரி ஜேனின் கணவனாக, இரண்டு பிள்ளைகளின் தகப்பனாக ஆக்கிவிட்டுத்தான் சிலந்தியைக் கடிக்கவிடுகிறது. பீட்டரின் அங்கிள் பென் இதில் சாகவில்லை. அந்தச் சாவு தந்த பழைய குற்றவுணர்வுக்கும் இடமில்லை. பையனுக்கு விளையாட்டாக வாய்த்த சக்தி, குடும்பஸ்தனுக்கு வீட்டில் பேசித் தீர்க்க வேண்டிய சமாசாரமாகிறது. ஓர் இதழுக்கு ஒரு மாதம் என்று கதை தாவுவதால் சில சண்டைகள் நடுவில் தொலைந்துபோவது எரிச்சல்தான். ஆனால் நான்காம் இதழில் இரண்டு தம்பதிகள் உணவகத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான்; அதிலிருக்கும் பதற்றம் எந்தக் குத்துச்சண்டைக்கும் குறைந்ததல்ல.