மேற்கோள் கணக்கும் மருத்துவ ஆய்வாளரின் தரமும்

நம்மிடம் சிறுவயதில் ஓதிய மாணவர் ஒருவர் இன்று ஒரு மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கின்றார். சென்ற ரமலானில் ஊருக்கு வந்திருந்தவர், தராவீஹ் முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தபோது தயங்கித் தயங்கி ஒரு மஸ்அலா கேட்டார். தாம் கையே வைக்காத ஓர் ஆய்வுக் கட்டுரையில் தம் பெயரையும் ஆசிரியர் வரிசையில் சேர்த்துக்கொள்ள மூத்தவர் ஒருவர் முன்வந்திருக்கின்றாராம். அதற்கு ஈடாக, இவர் எழுதிவரும் கட்டுரையில் அந்த மூத்தவரின் பெயர் இடம்பெற வேண்டுமாம். பதவி உயர்வுக்கு இத்தனை கட்டுரைகள் வேண்டும் என்று விதி இருக்கிறது. கட்டுரை பெருகினால் 'எச் குறியெண்' என்பதும் ஏறும். "இது கூடுமா, ஹஜ்ரத்?" என்றார்.

கூடாது என்று அப்போதே சொல்லிவிட்டோம். செய்யாத செயலுக்குப் புகழ் விரும்புவோரைக் கண்டிக்கும் ஆலஇம்ரான் அத்தியாயத்தின் 188ஆம் வசனம் இருக்க, இதற்கு நெடிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. ஆயினும் படித்துப் பட்டம் பெற்ற ஒரு நல்ல பிள்ளையை இத்தகைய கேள்வி கேட்கும் நிலைக்குத் தள்ளிய அந்தக் குறியெண் யாது என்றறியும் அவா நமக்கு எழுந்தது. அறிந்தவற்றையும் அவை பற்றிய நம் கருத்தையும் இங்கே எழுதுகின்றோம்.

கதை வழக்கு மன்றத்தில் தொடங்குகிறது. ஒரு தீர்ப்பைப் பின்வந்த தீர்ப்புகள் எவை எடுத்தாண்டன, அதனை ஏற்றனவா, தள்ளினவா என்று காட்டும் 'ஷெப்பர்ட்' அட்டவணை 1873 முதல் அமெரிக்க வழக்கறிஞரிடையே வழங்கி வந்தது. அம்முறையினால் தூண்டப்பெற்ற யூஜின் கார்ஃபீல்டு என்பவர், 1964இல் ஃபிலடெல்ஃபியா நகரிலிருந்து அறிவியலுக்கென 'சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' என்னும் பெருந்தொகுதியை வெளியிட்டார். ஒரு கட்டுரையைப் பின்னர் யார் யார் மேற்கோள் காட்டினர் என்பதை அதில் தேடிக் காணலாம். தேடுவோருக்குப் பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் வழக்கறிஞர் அட்டவணையின் உயிர்நாடி இதில் விடுபட்டுப் போயிற்று. ஏற்றாரா, மறுத்தாரா என்ற குறிப்பு இல்லை. எடுத்தாண்டார் என்பது மட்டுமே உண்டு. தேடுவதற்காகச் செய்த அட்டவணையைக் கொண்டே பின்வந்தோர் ஆளை நிறுக்கத் தலைப்பட்டனர்.

2005இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் தியேகோ வளாகத்து இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்பார் எச் குறியெண்ணை வகுத்தார். கணக்கு எளிது. ஒருவர் ஆறு கட்டுரைகள் எழுதி, அவை முறையே 50, 18, 9, 6, 5, 3 முறை மேற்கோள் காட்டப்பட்டிருப்பின் அவருடைய குறியெண் 5. குறைந்தது 5 மேற்கோளேனும் பெற்ற கட்டுரைகள் அவரிடம் 5 இருப்பதே காரணம். 10,000 முறை மேற்கோள் காட்டப்பட்ட ஒரே ஒரு கட்டுரையை மட்டும் எழுதியவருக்கோ குறியெண் 1தான். இந்த எண் ஏறுமேயன்றி இறங்காது. எழுதியவர் மண்ணறைக்குச் சென்ற பின்னரும் ஏறிக்கொண்டிருக்கும். இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர், "ஸதகத்துல் ஜாரியா போலும்" என்று நகைத்தார். பயன் தரும் கல்விக்கன்றோ அந்தப் பேறு? இங்கே பயன் எண்ணப்படவில்லையே!

எண்ணுதலை நாம் பழிக்கவில்லை. நம் முஹத்திஸீன்களைப் போல் எண்ணியவர் எவருமிலர். ஒரு ஹதீஸ் எத்தனை வழிகளில் வந்தது என்று கணக்கிட்டு முதவாதிர், மஷ்ஹூர், அஜீஸ், கரீப் என்று பெயரிட்டனர். எந்த ஸஹாபி எத்தனை அறிவித்தார் என்பதையும் எண்ணினர். பகீ இப்னு மக்லத் (ரஹ்) அவர்களின் முஸ்னதைக் கொண்டு எழுதி வைக்கப்பட்ட கணக்கின்படி அபூஹுரைரா (ரலி) அறிவித்தவை 5,374. ஸித்தீகுல் அக்பர் அபூபக்ர் (ரலி) அவர்கள் அறிவித்தவையாக நம் நூல்கள் கூறுவது 142. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து ஸித்தீக் (ரலி) அவர்களின் தகுதியைக் குறைத்துப் பேசிய ஆலிம் ஒருவரையேனும் நாம் கண்டதில்லை. பெருமானார் (ஸல்) அவர்களுக்குப் பின் அன்னார் வாழ்ந்தது இரண்டரை ஆண்டுகளுக்கும் குறைவே; அந்நாட்களிலும் கிலாஃபத்தின் சுமை தோளில் இருந்தது; கேட்டு எழுதும் தலைமுறை இன்னும் உருவாகவில்லை. எண் ஏன் சிறிதாயிற்று என்பதைச் சொல்லிய பின்னரே அந்த எண்ணை நம் முன்னோர் ஏட்டில் ஏற்றினர்.

மேலும் ஒன்று. ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸாகிய நிய்யத் பற்றிய ஹதீஸ், உமர் (ரலி) அவர்களிடமிருந்து நான்கு தலைமுறை வரை ஒற்றை இழையாக வந்து, யஹ்யா இப்னு ஸயீத் அவர்களுக்குப் பின்னரே பெருவெள்ளமாகப் பரவியது. வழியின் எண்ணிக்கையால் அது கரீப். தரத்தாலோ தீனின் அடித்தளங்களுள் ஒன்று.

இனி, இந்த அளவுகோலை ஒரு மருத்துவ ஆய்வாளர் மீது வைத்துப் பார்ப்போம். எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்த தெலுங்கர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். கதர் அணிந்து வந்ததால் அறுவைப் பேராசிரியரின் சினத்துக்காளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாது எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர் என்பது அவர் வரலாற்றில் எல்லாரும் எடுத்துரைக்கும் செய்தி. அமெரிக்கா சென்று ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் இணைந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸின் அளவை நிறத்தின் அடர்த்தியால் அறியும் முறையை 1925இல் வெளியிட்டார். உயிர்வேதியியலில் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளுள் அதுவும் ஒன்று. பெரும் மதிப்பெண் கிடைத்திருக்குமே என்பீர்கள். அச்சு நூலாக வந்த காலத்தில் கார்ஃபீல்டின் தொகுதி, மேற்கோள் பெற்ற கட்டுரையை அதன் முதல் ஆசிரியர் பெயரின் கீழ் மட்டுமே பதிந்தது. ஆகவே அத்தனையும் ஃபிஸ்க் கணக்கில் சேர்ந்தது. இன்றைய கணினித் தொகுதிகள் அக்குறையை நீக்கிவிட்டன என்பதையும் சொல்லிவிடுவதே நியாயம்.

நீக்க இயலாத குறை வேறு. அதே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி, பின்னர் 1988இல் நோபெல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கின்றார்: சுப்பாராவ் பிரித்தெடுத்த பொருள்களுள் சில வெளியிடப்படாமலே முடங்கியமையால், பல ஆண்டுகளுக்குப் பின் பிறர் அவற்றை மீண்டும் கண்டுபிடிக்க நேர்ந்தது. அச்சேறாத கட்டுரைக்கு மேற்கோள் ஏது?

ஹார்வர்டில் நிலையான பதவி மறுக்கப்பட்டு, 1940இல் அவர் லெடர்லி என்னும் மருந்து நிறுவனத்திற்குச் சென்றார். அங்கேதான் அவர் தலைமையில் ஃபோலிக் அமிலம் செயற்கையாக ஆக்கப்பட்டது. அதன் எதிர்ப்பொருளாகிய அமினாப்டெரினும் அங்கேயே பிறந்தது. பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் அதனை இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்து, நோய் தற்காலிகமாகவேனும் பின்வாங்கியதை 1948இல் உலகுக்கு அறிவித்தார். புற்றுநோய்க்கு மருந்து கொடுத்து மருத்துவம் செய்யும் துறையின் பிள்ளையார் சுழி என்று பலரும் குறிக்கும் அக்கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் சுப்பாராவ் இல்லை. அவ்வாண்டு ஆகஸ்டில், 53ஆம் வயதில் அவர் உறக்கத்திலேயே காலமானார்.

யானைக்கால் நோய்க்குரிய டி.இ.சி. மருந்தும் அவர் தலைமையில் இயங்கிய கூடத்திலிருந்தே வந்தது. கும்பகோணம் வட்டாரம் அந்நோயால் பெயர் கெட்டிருந்த காலத்தை நம் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். வீங்கிய காலை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு ஜும்ஆவுக்கு வந்து, பின் வரிசையில் ஓரமாக நிற்கும் பெரியவர்களை நாம் கண்டிருக்கின்றோம். 2004இல் இந்திய அரசு நோய் பரவிய மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை எல்லாருக்கும் மாத்திரை வழங்கத் தொடங்கியபோது, வீடுதோறும் வந்து சேர்ந்தது அந்த டி.இ.சி.யே. அதை விழுங்கியோரில் எவரும் அவரை மேற்கோள் காட்டவில்லை. இந்தப் பயனை எந்தக் குறியெண்ணில் ஏற்றுவது?

மறுபுறமும் பார்க்கவேண்டும். புகழ் பெற்றதெல்லாம் ஸஹீஹ் அன்று என்பதை நம் இமாம்கள் நன்குணர்ந்திருந்தனர். மக்கள் நாவில் மலிந்து, ஆதாரத்தில் மெலிந்த ஹதீஸ்களைத் தனியே பிரித்துக் காட்டவே ஸகாவீ (ரஹ்) அவர்கள் 'அல்மகாஸிதுல் ஹஸனா'வை எழுதினார்கள். மருத்துவத்திலும் அதற்கு ஒப்பு உண்டு. தடுப்பூசியையும் குழந்தைகளின் ஆட்டிசத்தையும் முடிச்சிட்டு, வெறும் 12 குழந்தைகளைக் கொண்டு ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் பிறரும் எழுதிய கட்டுரை 1998இல் 'லான்செட்' இதழில் வந்தது. 2010இல் அவ்விதழ் அதனைத் திரும்பப் பெற்றது. அவ்வாண்டே அவருடைய மருத்துவப் பதிவும் நீக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை அது. பெரும்பாலோர் மறுப்பதற்கே எடுத்தாண்டனர். ஆயின் எண்ணுகிற இயந்திரத்துக்கு மறுப்பும் ஒன்று, பாராட்டும் ஒன்று.

வேறொரு வகை மஷ்ஹூரும் இருக்கிறது. அறிவியலிலேயே மிக அதிகமாக மேற்கோள் பெற்ற கட்டுரை, ஆலிவர் லௌரியும் துணைவரும் புரதத்தை அளக்கும் முறை பற்றி 1951இல் எழுதியது. 3 இலட்சத்துக்கும் மேல். லௌரியே அதனைத் தம் சிறந்த ஆய்வாகக் கருதியதில்லை. மரபணுப் பொருளின் இரட்டைச் சுருள் வடிவத்தை அறிவித்த 1953ஆம் ஆண்டுக் கட்டுரையோ, 2014இல் எடுத்த கணக்கில் முதல் 100இல்கூட வரவில்லை.

படிக்காமலே மேற்கோள் காட்டும் வழக்கமும் உண்டென்று நம் மாணவர் கூறினார். ஒருவர் பட்டியலைப் பார்த்து மற்றொருவர் எழுதுவதால், முதலாமவர் செய்த அச்சுப்பிழைகூட அப்படியே தொடருமாம். நேரில் கேளாததைக் கேட்டதுபோல் தோன்றச் செய்வதற்கு நம்மிடம் தத்லீஸ் என்று பெயர். அதைச் செய்தவரைப் பெயர் சொல்லி நூல்களில் எழுதி வைத்தனர். இங்கே அதுவும் ஒரு மதிப்பெண்.

இத்தனையும் சொன்னபோது மாணவர் ஒரு மறுமொழி வைத்தார். அது நம்மைச் சிறிது நேரம் மௌனமாக்கியது. "எண்ணை எடுத்துவிட்டால் சிபாரிசுதான் மிஞ்சும், ஹஜ்ரத். ஆள்பலம் இல்லாதவனுக்கு இந்த எண் ஒன்றாவது கேடயம்" என்றார். உண்மைதான். சுப்பாராவை ஹார்வர்டில் எடை போட்டவர்கள் எண்ணைப் பார்த்தா போட்டார்கள்? மனிதர் தீர்ப்பு எப்போதும் நீதியாக இருந்துவிடுவதில்லை. இதை நம் ஜர்ஹ்-தஃதீல் கலையினரும் அறிந்தே இருந்தனர். ஆகவேதான் ஒருவரைக் குறை கூறுவோர் காரணத்தை விளக்கிச் சொல்லவேண்டும் என்றனர். போட்டியும் பொறாமையும் உள்ள சமகாலத்தார் ஒருவரையொருவர் குறை கூறினால் அதனை அப்படியே ஏற்கலாகாது என்றனர். கல்லூரிக் குழுவும் விண்ணப்பதாரர் தாமே தேர்ந்து தரும் நான்கைந்து கட்டுரைகளைப் படித்து, தன் முடிவைக் காரணத்தோடு எழுதி வைக்கட்டுமே. எண்ணும் அருகில் இருந்துவிட்டுப் போகட்டும். இதழின் தாக்கக் காரணியைக் கொண்டு ஆளை மதிப்பிட வேண்டாம் என்று 2012இல் சான்பிரான்சிஸ்கோவில் கூடிய அறிவியலாளரும் ஓர் அறிக்கையில் வேண்டிக்கொண்டிருக்கின்றனர். படிப்பதற்கு நேரமேது என்பார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் ஸஹீஹைத் தொகுக்க 16 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள் என்று சொன்னால் சிரிப்பார்கள். நாம் கேட்பது ஒரு பிற்பகல்.

பெருநாள் கழிந்து மாணவர் ஊர் திரும்பினார். பின்னர் கடிதம் வந்தது. அந்தக் கட்டுரையிலிருந்து தம் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டாராம். உடன் சேர்ந்த இருவருக்கு இவ்வாண்டு பதவி உயர்வு வந்துவிட்டது; இவர் பெயர் பட்டியலில் இல்லை. "ஹஜ்ரத் சொல்லித்தான் இவர் இப்படிச் செய்தார் என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்கிறாள்" என்று தம் மனைவியாரைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தார். அது பாராட்டா, குறையா என்பதை அடுத்த விடுமுறையில் வரும்போது கேட்டுக்கொள்ள எண்ணியிருக்கின்றோம்.