பேயிடம் கேட்கும் கேள்வி

வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமங்களில் புதிதாக மணமான பெண் சாப்பாட்டை ஒதுக்கி, கணவன் அருகில் வந்தாலே நடுங்கினால், காத்து கருப்பு பட்டிருக்குமோ என்ற சந்தேகம் இன்றும் எழுகிறது. உடுக்கையோடு வரும் பூசாரி முதலில் கேட்பது, "யாரு நீ? எந்த ஊரு? எதுக்கு இவளப் புடிச்ச?" என்றுதான். அந்தக் கேள்வி மதிப்புக்குரியது. அவளுக்குள் இருப்பது எதையோ சொல்ல வந்திருக்கிறது என்ற நம்பிக்கை அதில் உண்டு. கைகால் மரத்துப்போன, குரல் நின்றுபோன பெண்களைப் பார்த்து 1890களில் வியன்னாவில் சிக்மண்ட் ஃபிராய்டு வந்து சேர்ந்த இடமும் இதுவே. நோய்க்குறிக்குப் பொருள் உண்டு, அவசரப்படாமல் கேட்டால் அது விளங்கும் என்றார். உளப்பகுப்பாய்வில் அசைக்க முடியாத பகுதி என்று நான் கருதுவது இதைத்தான்.

கேட்டதை என்ன செய்வது என்பதில் இரு வழிகளும் பிரிகின்றன. 1990களின் தொடக்கத்தில் தென்னார்க்காட்டுச் செஞ்சி வட்டாரத்தில் பேயோட்டுச் சடங்குகளை ஆராய்ந்தவர் இசபெல் நபகோவ். 2000இல் வெளியான அவருடைய நூல் காட்டும் சித்திரம் வேதனையானது. பிடித்திருப்பது பெரும்பாலும் அகால மரணமடைந்த ஓர் ஆணின் ஆவி என்று சொல்ல வைக்கிறார்கள். பெண்ணின் முடிக்கற்றையை அறுத்து மரத்தில் ஆணியடித்ததும் பேய் போய்விடுகிறது. அவள் புகுந்த வீட்டுக்குத் திரும்புகிறாள். அவளுடைய வெறுப்பும் ஏக்கமும் செத்தவனின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டன. அவள் வாயால் வந்த எதுவும் அவளுடையதாக ஏற்கப்படவில்லை. 'இது உன்னுடையது, உன் வாழ்க்கையிலிருந்து வந்தது' என்று அந்தப் பேச்சை அவளிடமே திருப்பித் தருவதாக உளப்பகுப்பாய்வு வாக்களிக்கிறது. கொள்கையளவில் அது பெரிய முன்னேற்றம்.

ஆனால் அந்த வாக்கை ஃபிராய்டே மீறினார். 1900இல் அவரிடம் வந்த டோரா என்ற பதினெட்டு வயதுப் பெண், தந்தையின் நண்பர் தன்னிடம் தகாதபடி நடந்ததைச் சொன்னாள். நடந்ததை ஃபிராய்டு நம்பினார், அவளுடைய அருவருப்பை நம்பவில்லை. அது அடக்கிவைத்த ஆசை என்று விளக்கினார். பதினோரு வாரங்களில் அவள் சிகிச்சையை விட்டு விலகினாள். பெண் 'வேண்டாம்' என்றதை 'வேண்டும்' என்று படித்த இந்த மருத்துவருக்கும் நம் பூசாரிக்கும் அந்த இடத்தில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

பதிலை முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டு கேட்பதே உளப்பகுப்பாய்வின் ஆழமான குறை. 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், தம்மிடம் வரும் இந்திய ஆண்களிடம் ஃபிராய்டு சொன்ன, ஆண்குறியை இழந்துவிடுவோமோ என்ற அச்சம் அவ்வளவாகத் தென்படவில்லை, பெண்ணாக இருக்கும் ஆசை எளிதில் வெளிப்படுகிறது என்று அவருக்கு எழுதினார். ஃபிராய்டு மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், கோட்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை. ஃபிராய்டு ஆதாரமாகக் கொண்ட, மகன் தந்தையைக் கொல்லும் கிரேக்கக் கதை இந்தியாவில் பெரும்பாலும் தந்தை மகனை அழிப்பதாகத் திசை மாறிவிடுகிறது என்று ஏ.கே. ராமானுஜன் பிற்பாடு சுட்டிக்காட்டினார். சிறுத்தொண்டர் மகனை அரிந்து கறி சமைத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. நம் குடும்பங்களில் அச்சம் மேலிருந்து கீழே இறங்குகிறது. அதோடு சாதி, வரதட்சணை, கணவனின் குடி ஆகியவையும் சேர்ந்து ஒரு பெண்ணை நடுங்க வைக்கும்போது, அவளுடைய குழந்தைப் பருவத்தை மட்டும் தோண்டுவது அநியாயம்.

மேலும், வாரத்துக்கு நான்கைந்து அமர்வுகள், பல ஆண்டுகள் என்ற உளப்பகுப்பாய்வு கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு எட்டாத முறை. கடும் மனச்சிதைவுக்கு மருந்துதான் முதலில் வேண்டும், அதில் எனக்கு ஐயமில்லை. எனினும் 2015இல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி புதுச்சேரியில் லட்சம் பேருக்கு 43.2 தற்கொலைகள், நாட்டிலேயே அதிக விகிதம் அது. நாட்டின் சராசரி 10.6. இத்தனை துயரத்தையும் மாத்திரைச் சீட்டு மட்டும் தாங்கிவிடாது. கோரிமேடு ஜிப்மருக்குப் பஸ் ஏறும் முன்பே, வில்லியனூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓர் அறை வேண்டும். கணவனும் மாமியாரும் வெளியே காத்திருக்க, நடுங்கும் அந்தப் பெண் சொல்வதை அரை மணி நேரம் கேட்க ஒருவர் வேண்டும். அவர் ஃபிராய்டைப் படித்திருக்க வேண்டியதில்லை. அவள் பேசி முடிக்கும்வரை தன் விளக்கத்தைச் சொல்லாமலிருக்கப் பயிற்சி பெற்றிருந்தால் போதும்.