உடல் கிடைக்காத ஒப்பாரி

வட தமிழ்நாட்டில் திரௌபதியம்மன் திருவிழா முடியும் தறுவாயில் படுகளம் நடக்கும். களிமண்ணால் பிடித்துவைத்த பிரம்மாண்டமான துரியோதனன் திடலில் மல்லாந்து கிடப்பான். பீமன் தொடையில் அடிப்பான். பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். சில ஊர்களில் அதற்குப் பிறகு செத்தவனுக்காக அழ ஒருத்தி வருவாள், கையில் முறமும் துடைப்பமுமாக. வேடம் கட்டியிருப்பவர் ஆண். அவர் மாரடித்து அழ, சுற்றி நிற்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். போன வருஷம் புருஷனைப் பறிகொடுத்தவள் துரியோதனனுக்காக மட்டுமா அழுவாள்?

மண்ணாலானது என்றாலும் அங்கே ஓர் உடல் கிடக்கிறது. ஈழத்துத் தாய்மார் பலருக்கு அதுவும் இல்லை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பு பிள்ளைகள் எங்கே என்று கேட்டுப் போராட உட்கார்ந்தவர்களிடம் இருந்தவை அந்தப் பிள்ளைகளின் படங்கள்தாம். காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்கு ஒப்பாரி வைத்தால், அவன் இல்லை என்று பெற்றவளே ஒப்புக்கொண்டதாகிவிடும். அழுகை தொண்டையிலேயே நிற்கிறது.

இந்த அடைப்பை இலங்கையின் தமிழ் அரங்கு முன்பே உணர்ந்திருந்தது. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ நாடகம் 1985இல் க. சிதம்பரநாதன் நெறியாள்கையில் மேடையேறியது. அவருடைய ‘அன்னை இட்ட தீ’ போரில் உடைந்த மனங்களைப் பேசியது. இரண்டையும் எழுதியவர் ஆண். பெண்கள் தாங்களே கூடியது இன்னொரு திசையில்: கொழும்பில் இடம்பெயர்ந்த பெண்களிடையே 1991இல் தொடங்கிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், 1993இல் மட்டக்களப்புக்கு வந்தது. பாட்டும் நாடகமும் அவர்கள் வேலையின் பகுதியாயின. எனக்கு இதுவே பெரிய மாற்றமாகப் படுகிறது. அழவேண்டியவளே ஆடவும் வந்தாள்.

தமிழ்நாட்டிலும் பெண்கள் அரங்கு உண்டு. அ. மங்கையின் ‘பச்ச மண்ணு’ நாடகம் பெண்சிசுக் கொலையை ஊர் நடுவில் வைத்துப் பேசியது. 1983 முதல் ஈழத்திலிருந்து கடல் தாண்டி வந்தவர்களில் பலருக்கோ அகதி முகாம்தான் உலகம். 2021இல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியது. கும்மிடிப்பூண்டி, கீழ்ப்புத்துப்பட்டு முகாம்கள் படுகளம் நடக்கும் தெருக்கூத்து மண்ணிலேயே இருக்கின்றன. முகாம் பெண் படுகளத்துக்குப் போனால் வேடிக்கை பார்ப்பவளாகத்தான் நிற்பாள். விட்டுவந்த வளவு, கிணறு, வள்ளம் ஏறிய இரவு எதுவும் பாரதக் கதையில் இல்லை.

அந்த முறத்தை ஒரு நாள் அவள் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.